பாம்புக்காதும் ஒரு கீச்சுச் சத்தமும்

தெருவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "பாம்புக்காது இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்கள். முப்பத்தோரு வருடமாக இதே ஷெட்டில் கார் பழுது பார்க்கிறேன். வண்டி தெருமுனை திரும்பும்போதே இதற்கு வீல் பேரிங் தேய்ந்துவிட்டது, அதற்கு வாட்டர் பம்ப் போகப் போகிறது என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை ஒருவர் போனில் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஓடிய எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, "முதல்ல வண்டிய ஆஃப் பண்ணுங்க, ஆயில் இல்ல" என்று கத்தினேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எப்படிங்க தெரிஞ்சுது?" என்று கேட்டார். இந்தக் கதையை நானே நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

எனக்கு வேறு என்ன சொத்து இருக்கிறது? கோபமும் காதும்தான். கோபம் மூக்குக்கு மேலே, காது அதற்கு இரண்டு பக்கமும்.

ஷெட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நடுவில் ஆள் இறங்கி நிற்கிற அளவுக்கு ஒரு குழி. அதன் மேல்தான் வண்டியை நிறுத்தி அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். ஒரு பக்கம் தகரச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் டெய்லர் கடை. முன்னால் ஒரு மேஜை. அதில் நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாம் சின்னச் சின்ன டப்பாக்களில் இருக்கும். அந்த மேஜை என் மனைவியின் ராஜ்ஜியம். எந்த போல்ட் எந்த டப்பாவில் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவள் விடமாட்டாள்.

அவள் விசிலடிப்பாள். நாக்கை மடக்கித் தெருவைக் கூட்டுகிற விசில் இல்லை. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு, அதன் வழியாக உதடு அசைவதுகூடத் தெரியாமல் நூல் மாதிரி மெல்லிசாக ஒரு பாட்டு வரும். கல்யாணமான புதிதில் என் அம்மா, "பொம்பள விசிலடிச்சா குடும்பம் விளங்குமா?" என்று கேட்டாள். "அடிக்கட்டும்மா, எனக்கு வேல ஓடுது" என்றேன் நான். உண்மைதான். அவள் போல்ட் பொறுக்கிக்கொண்டே விசிலடிப்பாள், நான் குழிக்குள்ளிருந்து பதினேழாம் நம்பர் ஸ்பானரால் தாளம் தட்டுவேன். அப்படி ஓடியது எங்கள் வாழ்க்கை.

இரண்டு வருடம் முன்பு மகள் வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பினாள். நான் வேண்டாம் என்றேன், அவள் போனாள். வழியனுப்ப நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. குழிக்குள் இறங்கி, நன்றாக இருந்த ஒரு சைலன்சரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் மனைவியின் விசில் நின்றுபோனதைக் கவனித்தேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. பதில் எனக்கே தெரியும் என்று நினைத்தேன். பிறகு மகளோடு பேச்சுவார்த்தை சரியாகிவிட்டது, வாரம் இரண்டு முறை போன் செய்கிறாள். ஷெட் மட்டும் வெறிச்சென்றே கிடந்தது. அது எனக்கு வலித்தது. வெளியில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் அறிவியல் டீச்சர் தன் காரை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"முன்னாடி, இடது பக்கம். வேகத்தடையில ஏறி இறங்கும்போது கீச் கீச்னு சத்தம் வருது" என்றார்.

"வண்டிக்குப் பதினெட்டு வயசாச்சு, டீச்சர்."

"எனக்கு அம்பத்திரண்டு. நான் கீச்சுனு கத்தறேனா?"

இப்படிப்பட்டவரிடம் வாய் கொடுத்து மீள முடியாது. நான் சாவியை வாங்கிக்கொண்டேன்.

"கிண்டலா நினைக்காதீங்க" என்றார். "பள்ளிக்கூட வாசல்லயே ஒரு வேகத்தடை இருக்கு. காலையில பிள்ளைங்க வரிசையா நிக்கிற நேரத்துலதான் நான் உள்ள போறேன். எனக்குக் குருவி டீச்சர்னு பேரு வச்சாச்சு."

அவர் பக்கத்தில் உட்கார, நான் ஓட்டினேன். தெருவில் மூன்று வேகத்தடைகள். முதலாவதில் ஏறி இறங்கியதும் "இதோ!" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவதில் "இப்ப!" என்றார். ஒன்றுமில்லை. எஞ்சின் கேட்டது. ஃபேன் சுற்றுவது கேட்டது. சைலன்சரைத் தாங்கும் ரப்பர் ஒன்று தளர்ந்து துடிப்பதுகூட எனக்குக் கேட்டது. அவர் சொன்ன கீச்சு மட்டும் கேட்கவில்லை.

"எங்க டீச்சர்?"

"என்னங்க எங்கன்னு கேக்கறீங்க? வண்டியே கத்துது!"

நான் சத்தம் டீச்சரின் தலைக்குள்தான் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். புதிதாக ஒரு சத்தம் என்று மனசில் விழுந்துவிட்டால், நிறுத்தி வைத்த வண்டியிலிருந்துகூட அவர்களுக்கு அது கேட்கும். கதவுக் கீலுக்கும் சீட்டுத் தண்டவாளத்துக்கும் கிரீஸ் போட்டு, "சீட்டுதான் கத்தியிருக்கு" என்று சொல்லி அனுப்பினேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, தப்பு விடை எழுதிய பையனைப் பார்க்கிற பார்வை.

மூன்றாம் நாளே திரும்பி வந்தார். சீட்டு கத்தவில்லையாம், சக்கரம் கத்துகிறதாம். வண்டியை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போனார்.

நான் முன் மட்கார்டில் இரண்டு கையையும் ஊன்றி, வண்டியை மேலும் கீழுமாக அழுத்தினேன். சஸ்பென்ஷன் சத்தத்தைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்க இதுதான் முதல் வழி. வண்டி ஏறி இறங்கியது. ஒன்றுமில்லை. அப்போது டெய்லர் டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தான்.

"என்ன அண்ணே, கிளி ஏதாவது வளக்கறீங்களா?"

"என்ன கிளி?"

"கீச் கீச்சுனு கத்துதே."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் டெய்லரை நம்ப முடியாது. என் வேலைச் சட்டையைத் தைக்கக் கொடுத்தபோது பாக்கெட்டின் வாயையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்த ஆள் அவன். நான் கை நுழையாமல் தடவுவதைப் பார்க்க ஒருநாள் முழுக்கக் காத்திருந்தவன். டீச்சரும் இவனும் சேர்ந்துகொண்டார்களா? அறிவியல் டீச்சருக்கும் டெய்லருக்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தலையைச் சுற்றியது. டீச்சர் ஏன் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, வேலை மெனக்கெட்டு என்னைக் கேலி செய்யவேண்டும்?

ஒரு சோதனை வைத்தேன். டெய்லர் உள்ளே போய் மிஷினில் உட்காரும் வரை காத்திருந்தேன். தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து அவன் என்னைப் பார்க்க முடியாது. சத்தமில்லாமல் வண்டியை ஒருமுறை அழுத்தினேன்.

"கீச்!" என்றான் டெய்லர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, வாயால்.

கொஞ்சம் விட்டு, இரண்டுமுறை அழுத்தினேன்.

"கீச்! கீச்!"

அழுத்தாமல் நின்றேன். அவனும் வாயைத் திறக்கவில்லை. சும்மா இருக்கட்டும் என்று நூறு வரை எண்ணிவிட்டு, மிக மெதுவாக ஒருமுறை அழுத்தினேன்.

"கீ...ச்!" என்று இழுத்தான் அவன்.

சத்தம் இருக்கிறது. ஊருக்கெல்லாம் கேட்கிறது. தகரத்தைத் தாண்டி, தையல் மிஷினையும் தாண்டி ஒரு டெய்லருக்குக் கேட்கிறது. வண்டிமேல் கை வைத்துக்கொண்டு நிற்கிற பாம்புக்காதுக்குக் கேட்கவில்லை. காதைக் குடைந்தேன். கழுவினேன். தலையைச் சாய்த்து ஒரு காலில் குதித்தேன். மனைவி மேஜையிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

கேட்காத பாம்புக்காதை எவன் தேடி வருவான்? எனக்குப் படிப்பு இல்லை, கம்ப்யூட்டர் போட்டுப் பார்க்கிற மிஷினும் இல்லை. இந்த ஷெட், இந்தக் குழி, இந்தப் பெயர் எல்லாம் இரண்டு காதின் மேல்தான் நிற்கின்றன. அது போனால் நான் ஸ்பானர் பிடித்த ஒரு கிழவன். அன்று அதைத்தான் நினைத்தேன். பயந்துபோனேன்.

பயந்தவன் என்ன செய்வான்? பொய் சொல்வான். மாலையில் டீச்சர் வந்து, "இன்னைக்காவது கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. லோயர் ஆர்ம் புஷ்."

சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கை வண்டியின் உடம்போடு சேரும் இடத்தில், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு ரப்பர் உருளை இருக்கும். அதுதான் புஷ். பதினெட்டு வருட ரப்பர் எப்படியும் வெடித்துத்தான் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தேன், வெடித்திருந்தது. காதால் சொல்லவேண்டியதைக் கண்ணால் பார்த்து, காதால் கேட்ட மாதிரி சொன்னேன்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. வண்டியை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பழைய புஷ்ஷை எடுத்துப் புதியதை மாட்டலாம். ஆனால் போல்ட்டுக்குக் கடைசி முறுக்கு அங்கே கொடுக்கக் கூடாது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கினால், ரப்பர் அந்தத் தொங்கலிலேயே பிடிபட்டுவிடும். வண்டி தரைக்கு வந்ததும் ராத்திரி பகல் முறுக்கிக்கொண்டே கிடக்கும். அதனால் வண்டியை இறக்கி, குழிக்கு மேல் தள்ளி, நாலுமுறை அழுத்தி, காதைக் கொடுத்துக் கேட்டு, அப்புறம்தான் குழிக்குள் இறங்கி முறுக்குவேன். முறுக்கியதும் போல்ட்டின் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பேன். இறக்கு, அழுத்து, கேள், முறுக்கு, பொட்டு வை. முப்பத்தோரு வருடமாக இதே வரிசை. நான் காதைச் சாய்த்துக் கேட்கும்போது வண்டிக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த நேரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மறுநாள் புஷ் மாற்றி முடித்தபோது டீச்சர் வந்து நின்றார். டெய்லரும் டம்ளரோடு வந்தான். மனைவியும் மேஜையை விட்டு எழுந்துவிட்டாள். மூன்று பேரும் என் முகத்தையே பார்க்க, நான் அழுத்திக் கேட்கவேண்டும். என்னால் முடியவில்லை. ஸ்டாண்டில் இருக்கும்போதே எல்லாவற்றையும் முறுக்கி, வண்டியை இறக்கி, ஜாக்கை இழுத்து, "ஆச்சு, எடுத்துட்டுப் போங்க" என்று சாவியை நீட்டினேன். எதைச் செய்தேன், எதை விட்டேன் என்று அப்போது என் மூளையில் ஏறவே இல்லை. கேட்கிற வேலையிலிருந்து தப்பித்தால் போதும் என்று இருந்தது.

ஒன்பது நாள் கழித்து டீச்சர் மூன்றாவது முறையாக வந்தார். அந்தத் தடவை பேச்சில் கிண்டல் இல்லை.

"முன்ன குருவி கத்துச்சு. இப்ப வாத்துக் கூட்டமே கத்துது. நீங்க நிஜமா புதுசுதான் போட்டீங்களா, இல்ல பழசையே தொடச்சு மாட்டினீங்களா?"

"டீச்சர், வார்த்தைய அளந்து பேசுங்க."

"அளந்துதான் பேசறேன். ரெண்டு வாரமா நானும் செவிடன் காதுல சங்கு ஊதிட்டு இருக்கேன்!"

ஊரே சொல்கிற சொலவடைதான். அவர் யோசித்துச் சொல்லவில்லை. எனக்கோ யாரோ நடுத்தெருவில் வேட்டியை உருவிய மாதிரி இருந்தது. "அப்படின்னா காது இருக்கிற எவன்கிட்டயாவது கொண்டு போங்க!" என்று கத்தினேன். தகரமே அதிர்ந்தது. தையல் மிஷின் நின்றது.

மனைவி வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். "டீச்சர், வண்டி இங்க இருக்கட்டும். சாயங்காலம் வாங்க. நான் பொறுப்பு" என்றாள். டீச்சர் அவள் முகத்துக்காகச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

நான் டூல் பெட்டிமேல் உட்கார்ந்தேன். அவள் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உங்க வாட்ச்ல காலையில ஆறு மணிக்கு அலாரம் அடிக்குமே, அது என்ன ஆச்சு?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க."

"கெட்டுப்போச்சு. ரெண்டு தடவ பேட்டரி மாத்தியும் அடிக்கல. வாட்ச் கடைக்காரன் திருட்டுப் பய, அவனோட சண்ட போட்டதுதான் மிச்சம்."

அவள் என் மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி, ஏதோ பொத்தானை அழுத்தி, என் காதருகே பிடித்தாள்.

"அடிக்கல பாரு" என்றேன்.

"அடிச்சுக்கிட்டேதாங்க இருக்கு. தினமும் காலையில அடிக்குது. நான்தான் உங்க கையத் தேடி நிறுத்தறேன். வேணும்னே எழுந்திரிக்காம கெடக்கறீங்கன்னு நெனச்சேன்."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றுமே புரியவில்லை. அவள் பேசுவது கேட்கிறது. தெருவில் போகிற லாரி கேட்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் டெய்லர் தொண்டையைச் செருமுவது கேட்கிறது. காதுக்குப் பக்கத்தில் இருக்கிற கடிகாரம் மட்டும் ஊமையாக இருக்கிறது. காது போனால் மொத்தமாகத்தானே போகவேண்டும்? சல்லடையில் சலித்த மாதிரி கீச்சென்ற மெல்லிய சத்தங்கள் மட்டும் உதிருமா? முப்பத்தோரு வருடம் சுத்தியலும் கிரைண்டரும் கம்ப்ரசரும் பக்கத்திலேயே கத்தியிருக்கின்றன. எதை எதை எடுத்துக்கொண்டு போயின என்று எனக்கெப்படித் தெரியும்? கேட்காதது கேட்கவில்லை என்று எப்படிக் கேட்கும்?

"எனக்குக் கேக்கல" என்றேன். முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். "ரெண்டு வாரமா அந்த வண்டியில எனக்கு ஒண்ணுமே கேக்கல. சும்மா கேட்ட மாதிரி நடிச்சேன்."

அவள் என்னைத் தேற்றவில்லை, கண்ணைத் துடைத்துவிட்டு எழுந்தாள்.

"காது இல்லன்னா கை இல்லையா? இறங்குங்க குழிக்குள்ள. நான் அழுத்தறேன்."

வண்டியைக் குழிக்கு மேல் தள்ளினோம். நான் கீழே இறங்கி நின்றேன். மேலே அவள் மட்கார்டைப் பிடித்து அழுத்த, வண்டி ஏறி இறங்கியது. நான் ஒவ்வொரு மூட்டாக உள்ளங்கையை வைத்தேன். ஷாக் அப்சார்பர் வழுக்கிக்கொண்டு போய் வந்தது. குறுக்குக் கம்பியின் ரப்பர் சமர்த்தாக இருந்தது. பந்து மூட்டிலும் பிரச்சினை இல்லை. லோயர் ஆர்மின் பின்பக்க புஷ்ஷில் கை வைத்ததும், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவனின் தாடையைத் தொட்டது போல் நறநறவென்று ஓர் அதிர்வு உள்ளங்கையில் ஏறியது.

"இப்ப கத்துதா?"

"கத்துது!" என்றாள் மேலிருந்து.

"இப்ப?"

"நிறுத்திட்டேனே, எப்படிக் கத்தும்?"

அவள் அழுத்தும்போதெல்லாம் அது அதிர்ந்தது, அவள் நிறுத்தினால் நின்றது. புத்தம் புது ரப்பர், நான் மாட்டியது. இது எதற்குக் கத்தவேண்டும்? டார்ச்சைத் திருப்பினேன். போல்ட்டின் தலை பளபளவென்று இருந்தது. மஞ்சள் பொட்டு இல்லை.

அப்போதுதான் எல்லாம் உறைத்தது. முறுக்குவதற்கு முன்னால் இறக்கவில்லை, அழுத்தவில்லை, கேட்கவில்லை. அந்தரத்திலேயே முறுக்கியிருக்கிறேன். கேட்பதற்குப் பயந்து நடுவில் ஒன்றை விட்டதில், அதன் பின்னால் வந்த எல்லாமே போய்விட்டன. நேற்றுச் சேர்ந்தவன்கூடச் செய்யாத தப்பு. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த ஆனை கண்ணைத் திறந்துகொண்டே பள்ளத்தில் இறங்கியிருக்கிறது.

போல்ட்டைத் தளர்த்தினேன். உள்ளே மாட்டிக்கொண்டு தவித்த ரப்பர் 'டக்' என்று தன் நிலைக்குத் திரும்பியது. அந்த 'டக்' எனக்குக் கேட்டது! குழிக்குள் நின்று சிரித்துவிட்டேன். ரப்பர் கிழியவில்லை, நல்லவேளை. இரண்டு பக்கமும் அதேபோல் தளர்த்தி, வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்க, நிதானமாக முறுக்கி, பொட்டு வைத்தேன்.

"அழுத்து. இருக்கா?"

"இல்ல."

"நல்லா கேளு."

"நல்லாத்தான் கேக்கறேன். எனக்கு என்ன குறை?"

வேறு நாளாக இருந்தால் இதற்கு ஒரு சண்டை போட்டிருப்பேன்.

சாயங்காலம் டீச்சர் வந்தார். மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கடைசியிலிருந்து ஆரம்பித்தேன்.

"டீச்சர், போல்ட்ட நான்தான் தப்பா முறுக்கிட்டேன். இப்ப சரி பண்ணிட்டேன். சத்தம் போயிடுச்சான்னு நீங்கதான் சொல்லணும். எனக்கு அந்தச் சத்தம் கேக்காது. முதல் நாள்லேர்ந்தே கேக்கல."

அவர் வண்டியில் ஏறி, பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போனோம். பிள்ளைகள் இல்லாத நேரம். வேகத்தடையில் ஏறி இறங்கினார். திருப்பிக்கொண்டு வந்து இன்னொருமுறை ஏறி இறங்கினார். மூன்றாவது முறை கண்ணாடிகளை இறக்கிவிட்டு, மிக மெதுவாக. முப்பத்தோரு வருடம் வண்டிக்காரர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்று நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நீளமான நேரம் அது என்று அன்றுதான் தெரிந்தது.

"இல்ல" என்றார். "சுத்தமா இல்ல."

மூச்சு வந்தது எனக்கு.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே. சொன்னா நான் வேற மெக்கானிக்கத் தேடிப் போயிருப்பேன்னு பயமா?"

"ஆமா."

"போயிருந்தாலும் போயிருப்பேன்" என்றார் யோசித்துவிட்டு. பொய்யாக ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை அவர். திரும்பி வரும் வழியில்தான், "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். குழிக்குள் நின்று கையால் தடவிய கதையைச் சொன்னேன். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்களுக்குப் பேரு வச்சவனுக்குப் பாம்பப் பத்தி ஒண்ணும் தெரியாது. பாம்புக்கு வெளிக்காதே கிடையாது. தாடையத் தரையில வச்சு, அதிர்வாலதான் முக்கால்வாசி தெரிஞ்சுக்கும். பேர மாத்த வேண்டாம். ஆனா நாளைக்கே காது டாக்டரப் பாருங்க."

ஷெட்டுக்கு வந்தபோது டெய்லர் கடையைச் சாத்திக்கொண்டிருந்தான். மனைவி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டப்பாக்களில் வாஷர்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். டெய்லர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தான்.

"அண்ணி, ரெண்டு வருஷமா அதே பாட்டு. நாளையிலேர்ந்தாவது வேற மாத்துங்க. எனக்குத் தூக்கத்துலயும் அதான் ஓடுது."

"எந்தப் பாட்டு?" என்றேன்.

"அதான் அண்ணே, இப்ப அடிச்சிட்டு இருக்காங்களே. விசில்." அவன் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஷெட்டில் ஒரு சத்தமும் இல்லை. வாஷர் டப்பாவில் விழுகிற சத்தம்கூட எனக்கு இல்லை. அதையும் அப்போதுதான் கவனித்தேன். நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"நீ விசிலடிக்கறத நிறுத்திட்டியே" என்றேன்.

அவள் திரும்பினாள். "நான் எப்ப நிறுத்தினேன்?"

"பொண்ணு போனப்ப. நான் ஸ்டேஷனுக்கு வரலன்னு கோவத்துல."

"நான் நிறுத்தவே இல்லையே." ஒரு வாஷரைக் கையில் பிடித்தபடியே நின்றாள். "நீங்கதான் நிறுத்தினீங்க."

"நான் என்னத்த நிறுத்தினேன்?"

"ஸ்பானரால தட்டுவீங்களே. பொண்ணு போனதும் தட்டறத விட்டுட்டீங்க. அவள அனுப்பி வச்சது நான்தான்னு என்மேல இன்னும் கோவம் தீரலன்னு நெனச்சேன். இன்னைக்குத் தட்டுவாரு, நாளைக்குத் தட்டுவாருன்னு அதே பாட்டத்தான் அடிச்சுப் பாத்தேன்."

இரண்டு வருடம். இவள் தினமும் கூப்பிட்டிருக்கிறாள். நான் குழிக்குள் நின்றுகொண்டு, இவளுக்கு எவ்வளவு வைராக்கியம் என்று நினைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

"இப்ப அடி" என்றேன்.

"போங்க, டீச்சர் நிக்கிறாங்க."

டீச்சர் எப்போதோ வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். அவள் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, உதட்டைக் கொஞ்சம் பிரித்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் உள்ளங்கையை அவள் வாய்க்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினேன். நூல் மாதிரி ஒரு காற்று கையில் பட்டது. விட்டு விட்டு வந்தது. கொஞ்சம் நின்றது, மறுபடி வந்தது.

இன்னொரு கையால் மேஜைமேல் துழாவிப் பதினேழாம் நம்பர் ஸ்பானரை எடுத்து, தகர டப்பாவின் மூடியில் தட்டினேன். முதல் தட்டு தப்பு. அவள் சிரித்ததில் காற்று சிதறிப்போனது. இரண்டாவதும் பிந்திவிட்டது. மூன்றாவது தட்டுக்கு அவள் விசிலை நிறுத்தாமலே சரியென்று தலையை ஆட்டினாள்.